யந்திரம் மிச்சப்படுத்திய நேரம் யார் கணக்கில்?

"கம்ப்யூட்டரையே வேண்டாம் என்றவர்கள் அல்லவா நீங்கள்?"

ஆட்குறைப்பைப் பற்றித் தொழிற்சங்கம் வாயைத் திறந்தால் போதும், முதலாளிகளும் அவர்களுடைய பத்திரிகைகளும் இந்தக் கேள்வியை எடுத்து வீசுகிறார்கள். வங்கிகளில் காலியாகக் கிடக்கும் இடங்களை நிரப்புங்கள் என்று கேட்டாலும் இதுதான் பதில். ஐ.டி. கம்பெனியிலிருந்து வெளியேற்றப்பட்ட இளைஞனுக்கு நியாயம் கேட்டாலும் இதுதான் பதில். மழையிலும் வெயிலிலும் மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகும் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி கேட்டாலும் இதேதான்.

இந்தக் கேள்விக்கு நாம் நேராகவே பதில் சொல்வோம். அதற்குமுன் நாமும் அவர்களை ஒரு கேள்வி கேட்கிறோம். யந்திரம் எதற்காக? வேலையைச் சுருக்கி நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக. அப்படியானால் மிச்சமான நேரம் எங்கே?

2023 அக்டோபரில் இன்போசிஸ் ஸ்தாபகர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, நம் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று உபதேசம் செய்தார். 2025 ஜனவரியில் லார்சன் அண்டு டூப்ரோ தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து 90 மணி நேரம் என்று பேசியது வெளிவந்தது. நூறு குமாஸ்தாக்கள் போட்ட கணக்கை ஒரு நொடியில் போட்டுத் தள்ளும் யந்திரம் கையில் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்களோ மனிதனைப் பார்த்து இன்னும் கூடுதல் நேரம் உழை என்கிறார்கள். இந்த விசித்திரம் எப்படி ஏற்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால், கம்ப்யூட்டர் சங்கதி முழுவதும் விளங்கிவிடும்.

பேரேட்டுக் காலம்

கம்ப்யூட்டர் வருமுன் வங்கியில் பணம் எடுத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். செக்கைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் ஒன்று கொடுப்பார்கள். செக் பேரேட்டுக்குப் போகும். குமாஸ்தா கணக்கில் இருப்பைப் பார்த்துப் பற்று எழுதுவார். அதிகாரி மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுமதிப்பார். பிறகு அது காஷியரிடம் போய்ச் சேரும். அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிடும்வரை பெஞ்சில் காத்திருக்க வேண்டும். மாலையில் கதவைச் சாத்திய பிறகும் குமாஸ்தாக்களுக்கு விடுதலை கிடையாது. நாள் கணக்கு நேராக வேண்டும். சில பைசா உதைத்தாலும் பக்கம் பக்கமாகத் திரும்பக் கூட்ட வேண்டும். ஜூனிலும் டிசம்பரிலும் அரையாண்டு முடிவு வந்தால், வட்டிக் கணக்குப் போட்டு முடிக்க இரவு வெகுநேரமாகும்.

இன்று இந்த வேலைகளெல்லாம் யாரும் கண்ணால் பார்க்காமலே நடந்து முடிகின்றன. 2016-ல் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையில் 2024-25 நிதியாண்டில் மட்டும் 18,000 கோடிக்கு மேற்பட்ட பட்டுவாடாக்கள் நடந்தன. அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக 50 கோடி. டீக்கடையில் கொடுக்கும் பத்து ரூபாயும் இதில் அடக்கம். பழைய முறையில் இவற்றுக்கெல்லாம் பேரேட்டில் பற்றும் வரவும் எழுதுவதென்றால், நாட்டிலுள்ள மெட்ரிகுலேஷன் படித்தவர்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்தாலும் போதாது.

பொருளாதார நிபுணர்கள் இதைத்தான் உற்பத்தித் திறன் என்கிறார்கள். ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் தரும் பலன் எவ்வளவு என்பதே அதன் அளவு. அந்த அளவு உயர்ந்திருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. பத்துப் பைசாவுக்காக இரவெல்லாம் கண்விழித்துக் கூட்டல் போட்டது ஒரு பொற்காலம் என்று நாம் சொல்லவுமில்லை. உரலும் உலக்கையுமாக இடுப்பொடிந்த பெண்களிடம் போய் நெல் அரவை மில் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் மில் வந்த ஊரில், நெல் குத்திக் கூலி வாங்கிப் பிழைத்த விதவைக்கு அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பவன்தான் தொழிலாளியின் பக்கம் நிற்பவன்.

1957-ல் ஒப்புக்கொண்டது என்ன?

இந்தக் கேள்வி கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. பஞ்சாலைகளில் ஒரே தொழிலாளி கூடுதலான தறிகளைப் பார்க்க வேண்டும் என்று முதலாளிகள் உத்தரவு போட்டபோதே இது எழுந்தது. 'ரேஷனலைசேஷன்' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அதை எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டினி கிடந்து நடத்திய போராட்டம் அது.

கான்பூரின் சூடு ஆறுமுன், 1957 ஜூலையில் டில்லியில் 15-வது இந்திய தொழிலாளர் மகாநாடு கூடிற்று. சர்க்கார், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் உட்கார்ந்து பேசி, புது யந்திரமும் புது முறையும் புகுத்துவதற்கு மூன்று நிபந்தனைகளை ஒப்புக்கொண்டன.

ஒன்று: இருக்கும் தொழிலாளர் எவருக்கும் வேலை போகக்கூடாது, வருமானம் குறையக்கூடாது.

இரண்டு: கிடைக்கும் பலன் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சமுதாயத்துக்கும் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும்.

மூன்று: வேலைப்பளு எவ்வளவு என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நிபுணர்களைக் கொண்டு கணக்கிட வேண்டும், வேலை நிலைமைகளும் திருந்த வேண்டும்.

வாசகர்கள் இந்த மூன்றையும் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். யந்திரம் வேண்டாம் என்று இதில் ஒரு வார்த்தையும் கிடையாது. யந்திரம் எந்த வழியாக உள்ளே வரவேண்டும் என்பதுதான் சொல்லப்பட்டிருக்கிறது. முதலாளிகளின் பிரதிநிதிகளும் மேஜைக்கு முன் அமர்ந்து இதற்குச் சம்மதித்தவர்களே. ஆனால் முத்தரப்பு மகாநாட்டின் முடிவு சட்டமாகாது. எங்கே சங்கம் பலமாக இருந்ததோ அங்கே இதில் கொஞ்சம் அமலாயிற்று. மற்ற இடங்களில் காகிதத்தோடு சரி.

கல்கத்தாவிலிருந்து 1983 வரை

1956-ல் 245 ஸ்தாபனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்தது. சில வருஷங்களிலேயே நிர்வாகம் பெரிய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவரத் திட்டமிட்டது. படித்த இளைஞர்கள் வேலைவாய்ப்பு ஆபீஸ் வாசலில் க்யூவில் நின்ற காலம் அது. குமாஸ்தா உத்தியோகம்தான் படித்தவனுக்கு முதல் புகலிடம். அதையே விழுங்கும் யந்திரம் வருகிறதென்றால் ஊழியர்கள் சும்மா இருப்பார்களா? 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் இலாக்கோ கட்டிடத்தில் கம்ப்யூட்டர் இறங்காதபடி இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். பொதுமக்களும் அவர்களுக்குத் துணை நின்றார்கள்.

இதைத்தான் இன்றும் ஏளனம் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கிளர்ச்சிகள் பொங்கியெழுந்த பிறகுதான், 1969-ல், ஆட்டோமேஷனால் வேலைவாய்ப்புக்கு என்ன நேரும் என்று ஆராய மத்திய சர்க்கார் பேராசிரியர் வி.எம். தண்டேகர் தலைமையில் ஒரு கமிட்டியை நியமித்தது. யந்திரம் வாங்குவது முதலாளியின் சொந்த விஷயம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அது நாட்டு ஜனங்களின் விஷயம் என்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வங்கிகளில் 1983 செப்டம்பர் 8-ந் தேதி ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வங்கி நிர்வாகங்களின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. எந்த வேலைக்கு யந்திரம், எந்த அளவுக்கு யந்திரம் என்று வரையறுக்கப்பட்டது. யந்திரத்தைக் காரணம் காட்டி ஆட்குறைப்பு கிடையாது என்று உறுதி பெறப்பட்டது. யந்திரத்தில் வேலை செய்பவருக்குத் தனிப்படி கிடைத்தது. 1987-லும் 1993-லும் மேலும் ஒப்பந்தங்கள் வந்தன.

ஆக, ஏளனக்காரர்களுக்கு நம் பதில் இதுதான்: எதிர்த்து நின்ற பலத்தினால்தான் நிபந்தனை பேச முடிந்தது. வாசற்படியிலேயே தடுத்து நிறுத்தப்பட்ட யந்திரம், பிறகு ஒப்பந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தது. பேரேட்டுக் குமாஸ்தா ஒருவரும் அதனால் தெருவுக்குப் போகவில்லை. ஒப்பந்தமே இல்லாத தனியார் தொழில்களில் இப்படி நடந்ததாக முதலாளிகள் ஒரு உதாரணம் காட்டட்டும், பார்க்கலாம்.

திறந்தே கிடந்த கதவு

இத்தோடு கதை முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இராது. 1957-ம் வருஷத்து முதல் நிபந்தனையை மறுபடி படித்துப் பாருங்கள். 'இருக்கும் தொழிலாளர்' என்றுதான் அதில் உள்ளது. வயதாகி ஓய்வு பெறுகிறவர், தானாக விலகுகிறவர், இறந்துபோகிறவர் ஆகியோரின் இடத்தை நிரப்பியே ஆகவேண்டும் என்று அதில் இல்லை. நாற்காலியில் இருந்த மனிதருக்குப் பாதுகாப்பு இருந்தது. நாற்காலிக்கு இல்லை.

முதலாளித்துவக் கணக்கு எப்போதும் இப்படிப்பட்ட இடுக்கைத் தேடியே போகும். 2000-01-ல் பொதுத்துறை வங்கிகளில் 'விருப்ப ஓய்வு' என்று திட்டம் போட்டு ஏறத்தாழ ஒரு லட்சம் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருவரையும் 'நீக்கவில்லை'. எல்லோரும் 'விரும்பி'ப் போனார்கள்! அவர்கள் இடத்துக்குப் புது ஆட்கள் அந்த அளவில் எடுக்கப்படவில்லை. பிள்ளை பட்டம் பெற்று வந்தபோது, தகப்பன் இருந்த ஆபீஸில் நாற்காலியும் இல்லை, மேஜையும் இல்லை.

அப்படியானால் வேலை ஒழிந்துவிட்டதா? அதுவும் இல்லை. ஏ.டி.எம். யந்திரத்தில் பணம் நிரப்ப ஆள் வேண்டும். அந்த வேலை காண்டிராக்டருக்குப் போயிற்று. கிராமத்தில் கிழவிக்கு முதியோர் பென்ஷன் கொடுக்க ஆள் வேண்டும். கையடக்க யந்திரத்தோடு போகும் 'வங்கி மித்ரா'வுக்குச் சம்பளம் கிடையாது, கமிஷன்தான். டெலிபோனில் வாடிக்கையாளர் குறையைக் கேட்க ஆள் வேண்டும். அது வெளிக் கம்பெனிக்குப் போயிற்று. வங்கியின் வேலை எல்லாம் அப்படியே இருக்கிறது. அதைச் செய்பவர்களில் பலருக்கு வங்கி ஊழியர் என்ற பெயரில்லை. பெயரில்லாததால் சம்பள விகிதமில்லை, பஞ்சப்படியில்லை, பென்ஷனில்லை.

உற்பத்தித் திறன் உயர்ந்தது என்று இவர்கள் காட்டும் கணக்கில் ஒரு பகுதி யந்திரத்தால் வந்தது. இன்னொரு பகுதி, உழைப்பவனின் பெயரைப் பேரேட்டிலிருந்து அடித்ததால் வந்தது. இவ்விரண்டையும் ஒரே தலைப்பில் எழுதி, எல்லாம் கம்ப்யூட்டரின் மகிமை என்று சொல்வது கள்ளக் கணக்கு.

"புது வேலைகள் பிறக்கின்றனவே!"

நிபுணர்கள் இங்கே ஒரு வாதம் வைப்பார்கள். அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. யந்திரம் பழைய வேலையை அழித்தாலும் புது வேலையைப் படைக்கிறது என்பதே அந்த வாதம். அமெரிக்காவில் ஏ.டி.எம். யந்திரங்கள் பெருகிய பிறகும் வங்கிக் கவுண்டர் ஊழியர்களின் எண்ணிக்கை பல வருஷங்கள் குறையவில்லை. ஒவ்வொரு கிளைக்கும் தேவைப்பட்ட ஆட்கள் குறைந்தார்கள். ஆனால் கிளை நடத்தும் செலவு குறைந்ததால் அதிகக் கிளைகள் திறக்கப்பட்டன. நம் நாட்டிலும் கம்ப்யூட்டரின் பேரால் வளர்ந்த ஐ.டி. தொழிலில் இன்று 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். சாதாரண விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் அதில் நல்ல சம்பளம் பார்த்தார்கள். இவையெல்லாம் உண்மை.

ஆனால் மீதிக் கதையையும் சொல்ல வேண்டாமா? கைக்குள் அடங்கும் டெலிபோனிலேயே வங்கி வந்துவிட்ட பிறகு, அதே அமெரிக்காவில் கவுண்டர் ஊழியர்களும் குறைந்தார்கள், கிளைகளும் மூடப்பட்டன. புது வேலை பிறப்பது இயற்கை விதி அல்ல. ஒரு காலத்தில் பிறக்கும், இன்னொரு காலத்தில் பிறக்காது. பிறந்தாலும், பழைய வேலை போன இடத்தில், போன மனிதனுக்கு, போன சம்பளத்தில் பிறக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தார்கள்? ஐம்பது வயதுக் கணக்கரை அனுப்பிவிட்டு, இருபத்திரண்டு வயது இளைஞனை வேறொரு நகரத்தில் சேர்த்துக்கொண்டால் புள்ளிவிவரம் சரியாகிவிடும். கணக்கரின் வீட்டில் அடுப்பு எரியாது.

இப்போது யந்திரம், தன்னை எழுதிக் கொடுத்தவர்களின் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின், புரோகிராம் எழுதும் வேலையையே யந்திரம் செய்யத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி தன் ஊழியர்களில் 100-க்கு 2 பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டவர்களை, குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணமல்ல, திறமைப் பொருத்தம் இல்லாததே காரணம் என்று நிர்வாகம் சொல்லிற்று. காரணம் எதுவானாலும் ஆகட்டும். 12,000 பேரின் தலைவிதியை நிர்ணயித்தபோது, 1983-ல் வங்கிக் குமாஸ்தாவுக்கு இருந்ததுபோல் எதிரில் உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஒரு ஒப்பந்தமோ மேஜையோ இருந்ததா? இல்லை. குளிர்சாதன அறையில் கழுத்துப் பட்டை கட்டி உட்கார்ந்திருந்தாலும், சங்கம் இல்லாதவன் தனி ஆள்தான்.

கண்ணுக்குத் தெரியாத மேஸ்திரி

மூன்றாவது நிபந்தனை வேலைப்பளுவைப் பற்றியது. அது இன்று என்ன கதியில் இருக்கிறது என்று பார்க்க வீதிக்கு வந்தால் போதும்.

ஆப் மூலம் உணவும் சரக்கும் கொண்டுபோகிறவர்களும், கார் ஓட்டுகிறவர்களும் 2020-21-ல் நாட்டில் 77 லட்சம் பேர் இருந்ததாகவும், 2029-30-ல் இவர்கள் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்றும் நிதி ஆயோக் 2022-ல் மதிப்பிட்டது. இவ்வகையான மற்ற உதிரி வேலைகளும் இதில் சேரும். இவர்களைத் தொழிலாளி என்று கம்பெனி அழைப்பதில்லை. 'பார்ட்னர்' என்று அழைக்கிறது. கூட்டாளி! லாபத்தில் பங்கு கிடையாது, விபத்து நேர்ந்தால் மட்டும் அவன் சொந்தக் கணக்கு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

பஞ்சாலையில் மேஸ்திரி கண்ணுக்கு எதிரே நின்றான். அவனோடு வாதாடலாம், வழக்காடலாம், மில் கேட்டில் கூட்டம் போடலாம். இங்கே மேஸ்திரி ஒரு புரோகிராம். எந்த ஆர்டர் யாருக்கு, எத்தனை ரூபாய், எவ்வளவு நேரம், யாருடைய கணக்கை முடக்குவது எல்லாவற்றையும் அதுவே தீர்மானிக்கிறது. என்ன கணக்கின்படி என்று கேட்டால் அது வியாபார ரகசியமாம். இரு தரப்பும் ஏற்ற நிபுணர் வேலைப்பளுவைக் கணக்கிட வேண்டும் என்று 1957-ல் ஒப்புக்கொண்ட நாட்டில், வேலைப்பளுவின் கணக்கே தொழிலாளியின் கண்ணுக்குப் பட முடியாத பொருளாகிவிட்டது.

இது மாற்ற முடியாத விஷயமல்ல. ஸ்பெயின் நாட்டில் 2021-ல் வந்த சட்டத்தின்படி, வேலை நிலைமையைப் பாதிக்கும் புரோகிராம் என்ன விதிகளின்படி நடக்கிறது என்பதைத் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2024-ல் ஐரோப்பிய யூனியன் இதே திசையில் ஒரு பொதுக் கட்டளையே பிறப்பித்தது. நம் நாட்டிலும் ராஜஸ்தான் 2023-ல் சட்டம் செய்தது; அதே வருஷம் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது; 2025-ல் கர்நாடகம் சட்டம் செய்தது. 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்த மத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஆப் கம்பெனிகள் தங்கள் வருஷ வரவில் 100-க்கு 1 முதல் 2 வரை நல நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. இவை வரவேற்க வேண்டியவையே. ஆனால் நல நிதி வேறு, கூலி வேறு. இறந்தால் பணம் தருகிற சட்டம் இருக்கிறது. இருக்கும்வரை எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு கூலி என்று சொல்லும் சட்டம் எங்கே?

திறனை உண்டாக்கியவன் யார்?

பலனில் பங்கு கேட்டால், "யந்திரத்தை வாங்கியது நாங்கள், பங்கு உனக்கு எதற்கு?" என்கிறார்கள் முதலாளிகள். யந்திரத்தை வாங்கிப் போட்டால் மட்டும் உற்பத்தித் திறன் பெருகிவிடுமா? 1987-ல் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ராபர்ட் சோலோ, கம்ப்யூட்டரை எங்கும் காண்கிறோம், உற்பத்தித் திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம் என்ற கருத்தைச் சொல்லி முதலாளி உலகத்தைத் திடுக்கிட வைத்தார். அங்கே 1990-களின் பிற்பகுதியில்தான் திறன் வேகமாக உயர்ந்தது. பத்து வருஷத்துக்குள் அந்த வேகமும் தணிந்தது. மின்சார மோட்டார் வந்தபோதும் இப்படித்தான். மோட்டாரை வாங்கி மூலையில் வைத்ததால் பலன் வரவில்லை. ஆலையின் அமைப்பையும் வேலையின் ஒழுங்கையும் தொழிலாளிகள் மாற்றிப் பழகிய பிறகே, பல பத்து வருஷங்கள் கழித்து, பலன் வந்தது.

நம் வங்கிகளில் நடந்ததும் அதுவே. பேரேட்டிலிருந்த கோடிக்கணக்கான கணக்குகள் தாமாகக் கம்ப்யூட்டருக்குள் குதித்துவிடவில்லை. ஊழியர்கள் ஒவ்வொரு கணக்காக ஏற்றினார்கள், பிழை பார்த்தார்கள், புது வேலையைக் கற்றுக்கொண்டு, கவுண்டரில் நின்ற ஜனங்களுக்கும் கற்றுக் கொடுத்தார்கள். யந்திரத்துக்குத் திறனை ஊட்டியவர்கள் அவர்கள். அதனால்தான் பலனில் பங்கு என்பது யாரும் இரங்கிப் போடும் பிச்சையல்ல, உழைத்தவனுக்கு வரவேண்டிய பாக்கி.

பங்கை நேரமாகக் கொடு

அந்தப் பாக்கியை எப்படி வசூலிப்பது? சம்பள உயர்வாகக் கொஞ்சம் வசூலிக்கலாம். ஆனால் வேலையில்லாத பிள்ளைக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. வேலையில் இருப்பவனுக்கும் வெளியே நிற்பவனுக்கும் ஒருங்கே பலன் தரக்கூடிய பங்கு ஒன்று உண்டு. அது வேலை நேரத்தைக் குறைப்பது. நேரம் குறைந்தால் வேலைக்கு இன்னொரு கை தேவைப்படும். 1957-ல் திறந்தே கிடந்த கதவை அடைக்க இதுதான் தாழ்ப்பாள்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசையா? 1984-ல், ஆலைகளில் மைக்ரோ எலெக்ட்ரானிக் யந்திரங்கள் புகுந்த காலத்தில், மேற்கு ஜெர்மனியின் உலோகத் தொழிலாளர்கள் வாரம் 35 மணி நேரம் கேட்டு ஏழு வாரம் போராடினார்கள். நாடு குட்டிச்சுவராகும் என்று முதலாளிகள் ஓலமிட்டார்கள். நேரம் படிப்படியாகக் குறைந்து 1995-ல் 35 மணியாயிற்று. ஜெர்மன் யந்திரங்களை உலகம் வாங்காமல் நின்றுவிடவில்லை.

நம் நாட்டில் 1948-ம் வருஷத்து பாக்டரி சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றது. முக்கால் நூற்றாண்டு தாண்டியும் வாரக் கணக்கு அதுவேதான். பித்தளை டோக்கன் போய் யு.பி.ஐ. வந்தது, 48 மட்டும் அசையவில்லை. 2024 மார்ச்சில் வங்கிகளில் வாரம் ஐந்து நாள் வேலை என்பதற்கு வங்கி நிர்வாகங்களின் சங்கமே இசைந்தது; அதன் பிறகும் மத்திய சர்க்காரின் அனுமதிக்காக ஊழியர்கள் காத்துக்கிடக்க நேர்ந்தது. யந்திரம் ஞாயிறு இரவிலும் பணம் பட்டுவாடா செய்கிறது; மனிதனுக்குச் சனிக்கிழமை விடுமுறை கொடுக்க மனம் வரவில்லை.

குறையாதது மட்டுமல்ல, கூட்டவும் பார்த்தார்கள். 2023 ஏப்ரல் 21-ந் தேதி தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறிற்று. எல்லாத் தொழிற்சங்கங்களும் ஒருமுகமாக எழுந்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்ட அந்த மசோதா, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி நூறு வருஷம் நிறைந்த அதே மே தினம்! தொழிலாளிகள் ஒன்றுபட்டால் பத்து நாளில் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆகவே, யந்திரம் வரட்டும். ஆனால் வருமுன் நாம் கேட்பவை இவை:

புது யந்திரமோ புரோகிராமோ புகுத்துமுன், அதனால் எத்தனை மணி நேர வேலை மிச்சமாகும் என்ற கணக்கைச் சங்கத்தின் முன் வைக்க வேண்டும். ஆட்குறைப்பில் முடியக்கூடிய மாறுதலுக்கு முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்த விதிதான்; நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

பாதுகாப்பு மனிதருக்கு மட்டும் போதாது, இடத்துக்கும் வேண்டும். ஓய்வு பெறுபவரின் இடம் ஒழிக்கப்படக்கூடாது. தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், சர்க்கார் அனுமதியின்றி ஆட்குறைப்பு செய்யக்கூடிய ஆலைகளின் வரம்பை 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்தியதை மாற்ற வேண்டும்.

ஆப் கம்பெனிகளின் 'பார்ட்னர்' வேஷம் கலைய வேண்டும். தொழிலாளி என்ற பெயர், குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு மூன்றும் அவனுக்கு வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேஸ்திரியின் கணக்கு வெளிச்சத்துக்கு வரவேண்டும்.

சம்பளம் குறையாமல் வாரம் 40 மணி நேரம். இது எல்லாத் தொழிலுக்கும்.

இவற்றை யாரும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தரமாட்டார்கள். வங்கி ஊழியர்களுக்குச் சங்கம் இருக்கிறது; வங்கி மித்ராக்களில் பெரும்பாலோருக்கு இல்லை. இன்ஷூரன்ஸ் ஊழியர்களுக்கு இருக்கிறது; ஐ.டி. ஊழியர்களில் ஆகப் பெரும்பாலோருக்கு இல்லை. சங்கம் வைத்துக்கொள்ள ஐ.டி. ஊழியர்களுக்கும் உரிமை உண்டு என்று தமிழ்நாடு சர்க்காரே 2016-ல் தெளிவாக்கிய பிறகும் இந்த நிலை. நாற்காலியில் இருப்பவர்களின் சங்கம், நாற்காலி இல்லாமல் அதே வேலையைச் செய்கிறவர்களைத் தன் வாசலுக்குள் அழைத்துக்கொள்வதுதான் முதல் காரியம். அடுத்த கிளைக் கூட்டத்தில், காண்டிராக்ட் காவலாளிக்கும் கமிஷன் ஏஜெண்டுக்கும், வாசலில் ஆர்டருக்காகக் காத்து நிற்கும் இளைஞனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். 40 மணி நேரக் கோரிக்கையை அவர்களோடு சேர்ந்து எழுதுங்கள்.